கடலுக்கு அப்பால் கிப்லா



எங்களுக்குத் திருமணமாகி 25 ஆண்டுகள் நிறைவுற்றபோது, எங்கள் பிள்ளைகள் இருவரும் தம் சம்பாத்தியத்திலிருந்து சேர்த்து எங்களுக்கு ஒரு பரிசு அளித்தனர். கரீபியக் கடலிலுள்ள ஜமைக்கா தீவில், மோண்டிகோ பே நகருக்கு அருகே, கடற்கரை விடுதி ஒன்றில் நான்கு இரவுகள் தங்குவதற்கான ஏற்பாடு அது. விமானச் சீட்டும் உணவும் அறையும் அதிலேயே அடக்கம். கடித உறையைப் பிரித்துப் பார்த்த எங்களுக்கு மகிழ்ச்சியைவிட முதலில் தோன்றியது கலக்கமே.

கலக்கத்துக்குக் காரணங்கள் இருந்தன. அத்தகைய விடுதிகளில் மது தண்ணீரைப் போல ஓடும் என்று கேள்விப்பட்டிருந்தோம். கடற்கரையில் மக்கள் எவ்வாறு உடுத்துவர் என்பதும் தெரியாததன்று. எல்லாவற்றுக்கும் மேலாக, ஹஜ்ஜுக்கென்று நாங்கள் சேர்த்துவந்த தொகை இன்னும் நிறைவாகவில்லை. செய்தி எப்படியோ ஊருக்கு எட்டி, உறவினர் ஒருவர் தொலைபேசியில் கேட்டேவிட்டார்: "ஹஜ்ஜுக்கே இன்னும் போகல, அதுக்குள்ள கடற்கரை ஒரு கேடா?" அந்தச் சொல் இரண்டு நாள் எங்கள் வீட்டில் சுற்றிச் சுற்றி வந்தது.

டொரண்டோவில் நாங்கள் வழக்கமாகச் செல்லும் பள்ளிவாசலின் ஆலிமிடம் இதைக் கொண்டுசென்றோம். பிள்ளைகள் மனமுவந்து தந்த அன்பளிப்பு உங்கள் ஹஜ் சேமிப்பைத் தொடவில்லை. கடமைகள் தவறாமல், விலக்கப்பட்டவற்றுக்கு விலகி இருக்க இயலுமானால் போய்வருவது ஆகுமானதே என்றார். பிறகு, நாங்கள் எதிர்பாராத ஒன்றைக் கேட்டார். "நீங்கள் இருவரும் ஓரிடத்தில் அமர்ந்து பேசி எத்தனை நாளாயிற்று?"

எங்களுக்கு விடை தெரியவில்லை. அவர் கேட்டதில் வியப்பில்லை. எங்கள் வீட்டு ஜனாஸாவைத் தொழவைத்தவர் அவர்தாம்.

எங்களுள் கணவரின் உம்மா, தம் இறுதி மூன்றாண்டுகளை எங்களோடு கழித்தார்கள். மறதி நோய். முதலில் சாவியை மறந்தார்கள், பிறகு தெருவை, பிறகு பெற்ற மகனின் பெயரை. குளிப்பாட்டுவது, ஊட்டுவது, இரவில் எழுந்து கதவருகே நிற்பவர்களை மீண்டும் படுக்கைக்கு அழைத்துவருவது எல்லாம் எங்களுள் மனைவியின் பொறுப்பாயின. கணவருக்குச் சரக்குக் கிடங்கில் இரவுப் பணி. ஒருவர் வீடு திரும்பும் வேளையில் மற்றவர் கண் அயர்வார். உம்மா மௌத்தான பின், கவனித்துக்கொள்ள யாருமில்லாத வீட்டில் எங்களுக்குப் பேச எதுவுமில்லாமற் போயிற்று. சண்டை என்று ஒன்றும் இல்லை. சண்டையிடும் அளவுக்குக்கூடப் பேச்சு இல்லை. மின்கட்டணம், மளிகை, பிள்ளைகளின் படிப்பு. அவ்வளவே.

இந்த நிலையில்தான், ஒரு ஜனவரி மாதத்துச் சனிக்கிழமை விடியலில், பனி மூடிய விமான நிலையத்திலிருந்து புறப்பட்டோம்.

*

டொரண்டோவிலிருந்து மோண்டிகோ பேவுக்கு ஏறத்தாழ நான்கு மணி நேரப் பயணம். விமானத்திலிருந்து இறங்கியதும் முகத்தில் மோதிய ஈரக்காற்று எங்களுக்கு அந்நியமாகத் தோன்றவில்லை. நாங்கள் காயல்பட்டினத்தில் பிறந்தவர்கள். உப்புக் காற்றும் தென்னை மரமும் வெயிலில் காயும் மணலும் எங்கள் பிள்ளைப் பருவத்தின் பகுதிகள். பல்லாண்டுப் பனிக்குப் பின் அந்த வாசம் மூக்கில் ஏறியபோது இருவரும் ஒரே நேரத்தில், "ஊர் மாதிரி இருக்கு" என்றோம். வெகு காலத்துக்குப் பின் நாங்கள் சேர்ந்து சொன்ன முதல் வாக்கியம் அது.

விடுதியில் கைகளில் ஒரு பட்டை கட்டினார்கள். அதைக் காட்டினால் எங்கும் எதையும் உண்ணலாம், அருந்தலாம். வரவேற்புக் கூடத்திலேயே தட்டில் மதுக் கோப்பைகள் நீட்டப்பட்டன. மது அருந்துவதில்லை என்று சொன்னதும், பணியாளர் சிறிதும் முகம் கோணாமல் இளநீர் கொண்டுவந்தார். அறையிலிருந்த சிறு குளிர்பெட்டி முழுவதும் பீர் பாட்டில்கள். அவற்றை எடுத்துவிட்டுத் தண்ணீர் வைக்க இயலுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டோம். பத்து நிமிடத்தில் எடுத்துவிட்டார்கள். நாங்கள் ஒரு வாரமாக அஞ்சிக்கொண்டிருந்தது, ஒரு வேண்டுகோளில் முடிந்துவிட்டது. கேட்பதற்கு வெட்கப்பட்டே நாம் எத்தனை இடங்களில் நம் மார்க்கத்தை விட்டுக்கொடுத்திருக்கிறோம் என்று எண்ணிக்கொண்டோம்.

பிறகு கிப்லாவைத் தேடினோம். காயல்பட்டினத்தில் கடல் கிழக்கே, கிப்லா மேற்கே. பிறந்தது முதல், தொழும்போதெல்லாம் கடல் எங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்திருக்கிறது. ஜமைக்காவிலோ கிப்லா வடகிழக்கை ஒட்டி அமைகிறது. விடுதி தீவின் வடகரையில் இருந்ததால், மாடத்தில் கடலைப் பார்த்து நின்று சற்றே வலப்புறம் திரும்பினால் போதும். வாழ்வில் முதன்முறையாக, முன்னால் கடல் விரிந்திருக்கத் தக்பீர் கட்டினோம். அந்தக் கடலுக்கு அப்பால், அட்லாண்டிக் பெருங்கடலுக்கும் அப்பால், ஆப்பிரிக்கக் கண்டத்தையும் கடந்து கஃபா இருக்கிறது.

ஷாஃபி மத்ஹபைச் சார்ந்த எங்களுக்கு, வந்த நாளும் போகும் நாளும் நீங்கலாக மூன்று முழு நாட்களே தங்கல் என்பதால் கஸ்ராகவும் ஜம்வாகவும் தொழும் சலுகை கிடைத்தது. லுஹரையும் அஸரையும் இரண்டிரண்டு ரக்அத்களாகச் சேர்த்துத் தொழுதபோது, பயணியின் சிரமத்தை அறிந்த ரப்பின் கருணையை மனத்தால் உணர்ந்தோம்.

மறுநாள் நண்பகலில் தொழுதுகொண்டிருக்கையில் அறையைத் துப்புரவு செய்யும் பெண்மணி கதவைத் தட்டினார். தாழிட மறந்திருந்தோம். பதில் இல்லாததால் திறந்துவிட்டு, எங்களைக் கண்டதும் அப்படியே நின்றார். ஸலாம் கொடுத்துத் திரும்பியபோது, எங்களுள் கணவர் பிழை செய்துவிட்டவரைப் போல மன்னிப்புக் கேட்டார். அந்தப் பெண்மணிக்கு எங்கள் வயது இருக்கும். "இறைவனோடு பேசுகிறவர் என்னிடம் மன்னிப்புக் கேட்கக் கூடாது" என்றார். தாம் ஞாயிறுதோறும் தேவாலயம் செல்பவர் என்றும் சொன்னார். அடுத்த நாள் முதல், சலவை செய்து மடித்த வெள்ளை விரிப்பு ஒன்று, நாங்கள் தொழும் மூலையில் தனியே வைக்கப்பட்டிருந்தது.

*

உணவுக் கூடத்தில் எங்களுக்குச் சோதனை வேறு வடிவில் வந்தது. இறைச்சியின் அறுப்பு முறையை உறுதிசெய்ய இயலாததால் மீனும் காய்கறியும் மட்டுமே என்று முடிவெடுத்தோம். அதிலும் எச்சரிக்கை தேவைப்பட்டது. ஜமைக்காவின் புகழ்பெற்ற 'ஜெர்க்' வகையில், மசாலா தடவிய இறைச்சியை பிமென்டோ மரத்து விறகில் வாட்டுவார்கள். கோழியும் பன்றியும் ஒரே கம்பியில் வாட்டப்படுவதுண்டு. இனிப்புகளில் ரம் கலந்திருக்கும். ஒவ்வொரு தட்டின் அருகிலும் நின்று கேட்டோம். மூன்றாம் வேளைக்குள் சமையற்காரரே எங்களைக் கண்டதும் உண்ணத் தக்கவற்றைச் சுட்டிக்காட்டத் தொடங்கிவிட்டார்.

காலையுணவில் அக்கீ என்னும் பழத்தை உப்பிட்ட மீனோடு தாளித்து வைத்திருந்தார்கள். பார்ப்பதற்கு முட்டைப் பொரியல் போலிருக்கும் இதுவே அந்நாட்டின் தேசிய உணவு. அக்கீ மரத்திலேயே பழுத்துத் தானாகப் பிளக்க வேண்டுமாம். அதற்கு முன் பறித்தால் நஞ்சு. இந்த மரம் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. பக்கத்துத் தட்டில் சுட்ட சீமைப்பலா. அடிமைகளுக்குக் குறைந்த செலவில் உணவளிப்பதற்காக, 1793ஆம் ஆண்டு கப்பல் தலைவர் வில்லியம் பிளை பசிபிக் தீவுகளிலிருந்து கன்றுகளாகக் கொண்டுவந்தது. அதற்கும் அடுத்து ஆட்டுக்கறிக் குழம்பு. 1845 முதல் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றப்பட்ட இந்தியர்கள் விட்டுச்சென்ற சுவை.

ஒரு மேசையில் மூன்று கண்டங்களின் கண்ணீர் இருந்தது. அந்த மேசையிலிருந்துதான், விடுதியின் விருந்தினர் மலைபோல் அள்ளி, பாதியை அப்படியே விட்டு எழுந்தார்கள். பிறரை என்ன சொல்வது? முதல் நாள் எங்கள் தட்டிலும் மிச்சம் இருந்தது. பணம் முன்பே கட்டியாயிற்று என்ற நினைப்பு மனிதனின் கையை எவ்வளவு எளிதில் தளர்த்திவிடுகிறது! வீண்விரயம் பற்றி நூறு பயான் கேட்டிருக்கிறோம். இரண்டாம் நாளிலிருந்து ஒரே தட்டில் இருவரும் உண்டோம். புதுமணத் தம்பதியராய் இருந்தபோது ஊரில் ஒரே சஹனில் உண்டது நினைவுக்கு வந்தது.

*

விடுதியிலிருந்து சிறிது தூரத்தில், குன்றின்மேல் பழைய கரும்புத் தோட்ட முதலாளிகளின் மாளிகை ஒன்று இருக்கிறது. ரோஸ் ஹால் என்பது அதன் பெயர். விருந்தினரைப் பேருந்தில் அங்கே அழைத்துச் சென்றார்கள். வழிகாட்டி பேய்க்கதைகளாகச் சொல்லிக்கொண்டு போனார். எங்கள் கண்ணோ, கீழே சரிந்து கடல்வரை செல்லும் நிலத்தின்மீது இருந்தது. அங்கே கரும்பு வெட்டியவர்கள் யார்? அவர்களுள் நம்மவர் இருந்திருப்பார்களா?

அன்றிரவு அறைக்குத் திரும்பித் தேடிப் படித்தோம். இருந்திருக்கிறார்கள்.

முஹம்மது காபா ஸகனூகு என்பவர் மேற்கு ஆப்பிரிக்காவின் கல்விமான்கள் குடும்பத்தில் பிறந்தவர். 1777ஆம் ஆண்டு, 20 வயதளவில், பிடிக்கப்பட்டு ஜமைக்காவில் விற்கப்பட்டார். தீவின் நடுப்பகுதியிலுள்ள மான்செஸ்டர் வட்டாரத்துத் தோட்டமொன்றில் வாழ்நாளெல்லாம் உழைத்தார். அவருக்கு வேறு பெயர் சூட்டினார்கள், ஞானஸ்நானமும் செய்வித்தார்கள். அவரோ முதுமையில், அரபு மொழியில், சுமார் 50 பக்கங்களுக்கு ஒரு நூல் எழுதினார். அதை இன்று ஆய்வாளர்கள் 'கிதாபுஸ் ஸலாத்' என்று அழைக்கிறார்கள். தொழுகையைப் பற்றிய நூல். இளமையில் ஓதியவற்றை நினைவிலிருந்து மீட்டெடுத்து எழுதியது என்கிறார்கள்.

திம்புக்துவில் பிறந்த அபூபக்ர் அஸ்ஸித்தீக் என்பவரும் இதே தீவில் அடிமையாக இருந்தார். எசமானரின் கணக்குகளை அரபு எழுத்தில் எழுதிவைத்தவர். அயர்லாந்தைச் சேர்ந்த நீதிபதி ரிச்சர்ட் மேடன் என்பவர் அவருடைய கல்வியைக் கண்டு வியந்து, 1834இல் விடுதலைக்கு வழிசெய்தார். அந்த ஆண்டிலேயே, ஒரே தீவில் வாழ்ந்த அபூபக்ரும் காபாவும் கடிதம் வழியாக ஒருவரையொருவர் அறிந்துகொண்டார்கள். காபா அந்த மண்ணிலேயே மறைந்தார்.

படித்து முடித்தபின் வெகுநேரம் நாங்கள் பேசவில்லை. பெயர் பறிக்கப்பட்டு, குடும்பம் பறிக்கப்பட்டு, ஏறத்தாழ 50 ஆண்டுகளுக்குப் பின் ஒரு மனிதர் தாளை எடுத்தால் என்ன எழுதுவார்? பட்ட அடிகளை எழுதலாம். ஊரை எழுதலாம். அவர் தொழுகையை எழுதினார். நாங்களோ, குளிரூட்டிய அறையில், பஞ்சு மெத்தைக்குப் பக்கத்தில் தொழுததை ஒருவர் கண்டுவிட்டார் என்று மன்னிப்புக் கேட்டிருந்தோம்.

எங்களுள் மனைவி மெல்லச் சொன்னார்: "உம்மாவும் எல்லாத்தையும் மறந்தாங்க. அல்ஹம்து சூராவை மட்டும் மறக்கல."

உண்மை. மகனின் பெயரை மறந்த பிறகும், கைபிடித்து உட்காரவைத்தால், உதடு தானாக ஓதும். அந்தச் சூராவை ஒவ்வொரு நாளும் உடனிருந்து கேட்டவர் ஒருவர். இரவுப் பணியிலிருந்து திரும்பி, ஒன்றும் அறியாமல் உறங்கியவர் மற்றவர். உம்மாவின் மரணத்தைப் பற்றி, மௌத்துக்குப் பின் நாங்கள் பேசிய முதல் பேச்சு அது.

*

மறுநாள் ஃபஜ்ர் தொழுதுவிட்டுக் கடற்கரைக்குச் சென்றோம். அவ்வேளையில் அங்கே யாருமில்லை. பகலில் பார்வையைத் தாழ்த்திக்கொண்டு அந்தப் பக்கமே போகாமல் இருந்த நாங்கள், கடல் எங்களுக்கென்றே ஒதுக்கப்பட்ட ஒரு நேரம் உண்டென்று அப்போது கண்டுகொண்டோம். மணலைப் பெருக்கிச் சமன்செய்யும் ஊழியர் ஒருவர் மட்டும் தொலைவில் இருந்தார். பின்னாலிருந்த குன்றுகளின் பக்கம் வானம் வெளுத்துக்கொண்டிருந்தது. அலை என்று சொல்ல இயலாத அளவுக்கு நீர் அமைதியாக இருந்தது.

கடற்கரை ஊரில் பிறந்தும், எங்களுள் மனைவி 47 வயது வரை கடலில் இறங்கியதில்லை. ஊரில் மாலைவேளைகளில் பெண்கள் மணலில் அமர்ந்திருப்பார்கள்; கால் நனைப்பார்கள்; காக்காமாரும் தம்பிமாரும் நீந்துவதைப் பார்த்திருப்பார்கள். யாரும் தடுத்ததாக நினைவில்லை. யாரும் அழைத்ததாகவும் நினைவில்லை. மகள் பெட்டியில் வைத்தனுப்பிய, தலைமுதல் கால்வரை மறைக்கும் நீச்சல் உடையை அன்று உடுத்திவந்தார். முழங்காலளவு நீரில் சென்று நின்றுவிட்டார்.

"பயமா இருக்கு."

"கையைப் பிடிச்சுக்க."

மார்பளவு நீர்வரை கைபிடித்து நடந்தோம். பின்புறமாகச் சாய்ந்தால் உப்புநீர் தாங்கும் என்று கணவர் சொல்ல, முதுகைத் தாங்கிய கையின்மேல் மனைவி மெல்லச் சாய்ந்தார். சிறிது நேரத்தில் கை விலகியது. நீர் தாங்கிற்று. வானத்தைப் பார்த்தபடி மிதந்துகொண்டே அவர் சிரித்த சிரிப்பு, பல ஆண்டுகளாக எங்கள் வீட்டில் ஒலிக்காத ஒன்று.

ரசூலுல்லாஹ் (ஸல்) அவர்கள் ஒரு பயணத்தில் ஆயிஷா (ரழி) அவர்களோடு ஓட்டப்பந்தயம் ஓடியதும், அப்போது ஆயிஷா (ரழி) அவர்கள் முந்தியதும், பின்னொரு காலத்தில் மீண்டும் ஓடி நபியவர்கள் முந்தியதும், இது அதற்கு ஈடு என்று அவர்கள் கூறியதும் நாம் அறிந்த செய்தி. சிறுவயதில் அதை ஒரு வேடிக்கையாகக் கேட்டோம். உம்மத்தின் சுமை முழுவதையும் தோளில் தாங்கியவர்கள், மனைவியோடு ஓடுவதற்கு நேரம் கண்டார்கள் என்பது அந்த நீரில் நின்றபோதுதான் உறைத்தது.

கரையில் வந்து அமர்ந்தோம். ஈரத் துணியின்மேல் துண்டைப் போர்த்திக்கொண்டு இருந்த மனைவியிடம், எங்களுள் கணவர் பேசினார். "என் உம்மாவை நீதான் பார்த்தே. நான் பார்த்திருக்கணும். ஒரு நாளும் நான் அதைச் சொல்லல. என்னை மன்னிச்சிரு."

நீண்ட நேரம் பதிலில்லை. பிறகு வந்த பதில் இனிமையானதன்று. "நீங்க சொல்லுவீங்கன்னு மூணு வருஷம் காத்திருந்தேன். அப்புறம் காத்திருக்கிறதை விட்டுட்டேன்." அழுதோம். சினமும் இருந்தது. சிலவற்றை அன்று பேசி முடிக்க இயலவில்லை, இன்றும் பேசிக்கொண்டிருக்கிறோம். ஆனால் வெயில் ஏறி மற்ற விருந்தினர் வரத் தொடங்கும் வரை, அந்த ஆலிமின் கேள்விக்கு விடை சொல்லும் நிலைக்கு வந்திருந்தோம்.

*

புதன்கிழமை புறப்படும்போது, வெள்ளை விரிப்பு வைத்த பெண்மணியைத் தேடிச்சென்று, கையிலிருந்த டாலர்களை உறையிலிட்டுக் கொடுத்தோம். "எனக்காகவும் அங்கே கேளுங்கள்" என்று, நாங்கள் தொழுத திசையைக் காட்டினார். எங்கள் ஹஜ் துஆக்களின் பட்டியலில் அவருக்கு நேர்வழியும் நலமும் வேண்டும் ஒரு வரி சேர்ந்திருக்கிறது.

இத்தகைய இடங்களுக்கு எல்லோரும் போக வேண்டும் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. மதுவும் ஆபாசமும் மலிந்த சூழலில் தம்மைக் காத்துக்கொள்ள இயலாது என்று அஞ்சுபவர் போகாதிருப்பதே நன்று. செல்ல நேர்ந்தால், நாங்கள் கற்றவை சில: மது இல்லாத அறை வேண்டுமென்று முன்பதிவின்போதே கேட்டுவிடுங்கள். உணவைப் பற்றிக் கேட்க வெட்கப்படாதீர்கள். கிப்லாவையும் தொழுகை நேரங்களையும் புறப்படும் முன்பே குறித்துக்கொள்ளுங்கள். கடலுக்கு ஃபஜ்ருக்குப் பின் செல்லுங்கள். காலடியில் இருக்கும் மண்ணில் யார் உழைத்தார்கள், யார் ஸுஜூது செய்தார்கள் என்று தேடிப் பாருங்கள்.

வீடு திரும்பிய பின் ஒரு பழக்கத்தை மட்டும் விடாமல் காத்துவருகிறோம். கணவர் இரவுப் பணியை மாற்றிக்கொண்டார். ஃபஜ்ர் தொழுதபின் தேநீரோடு அரைமணி நேரம் சேர்ந்து அமர்கிறோம். சில நாள் பேசுகிறோம். சில நாள் சும்மா இருக்கிறோம். சன்னலுக்கு வெளியே கடல் இல்லை, பனிதான்.

ஹஜ்ஜுக்கான எங்கள் நிய்யத் விரைவில் நிறைவேறவும், மௌத்தான எங்கள் உம்மாவின் கப்ரை அல்லாஹ் ஒளிமயமாக்கவும், பெயர் தெரியாமல் அந்தத் தீவில் மறைந்த நம் முன்னோர் அனைவருக்கும் அவன் அருள்புரியவும் துஆ செய்யுங்கள். உங்கள் இல்லங்களிலும் பேச்சு வற்றாதிருக்க நாங்களும் துஆ செய்கிறோம். ஆமீன்.